பரணில் கிடக்கும் டூ-ஸ்ட்ரோக் மிஷினை ஓட வைக்கலாம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கரை கடந்தபோது தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. விழுந்த மரத்தை அகற்றினால்தான் அடுத்த கன்றை நட முடியும். அப்படிப்பட்ட சமயத்தில் மரம் அறுக்கும் மிஷின் வாடகைக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி ஏறிவிடும்.

ஆனால் சில வீடுகளில் பழைய செயின்சா ஒன்றோ, தோளில் மாட்டும் விசைத்தெளிப்பான் ஒன்றோ பரணில் தூசி படிந்து கிடக்கும். அதைப் பழைய இரும்புக்கு எடைபோடும் முன் ஒரு நாள் செலவிட்டுப் பார்ப்பது நல்லது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. ஓடும் பாகங்கள் மிகக் குறைவு. டி.வி.எஸ். 50 வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இதையும் சரிசெய்யலாம்.

மிஷின் வந்த வழி

ஜெர்மனியில் எமில் லெர்ப் என்பவர் 1927-ல் பெட்ரோல் செயின்சாவை டோல்மார் என்ற மலையில் ஓட்டிப் பார்த்தார். அதைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். ஒரே ஆள் பிடித்து அறுக்கும் மிஷினை ஸ்டில் கம்பெனி 1950-ல் கொண்டு வந்தது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழு தன் தாடையை இடமும் வலமும் அசைத்துத் தின்பதைக் கவனித்தார். அதே முறையில் பல் அமைத்து 1947-ல் புதுச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இன்றைய சங்கிலிகளும் அந்த வழியில் வந்தவையே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய பழைய மிஷின்களைத் தேடிச் சேர்த்து, ஓடும் நிலைக்குக் கொண்டு வருவோர் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் முறை நமக்கும் பயன்படும்.

முதலில் கயிற்றை இழுக்காதீர்கள்

பல ஆண்டு ஓடாத மிஷினைக் கண்டவுடன் கயிற்றை இழுப்பது தவறு. துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் சிறிது எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விட வேண்டும். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். மறுநாள் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல் மேலும் ஊற விட வேண்டும்.

பிறகு சைலன்சரைக் கழற்றி, புகை வெளிவரும் வாய் வழியாகப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் மேற்கொண்டு செலவு செய்யலாம். மேலும் கீழுமாக ஆழமான கோடுகள் இருந்தால் எஞ்சின் ஒரு முறை பிடித்துப் போயிருக்கிறது என்று பொருள். பிஸ்டனும் ரிங்கும் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணம் போட வேண்டும்.

பொறி, பெட்ரோல், காற்று

பொறி: பிளக்கைச் சுத்தம் செய்து, சிலிண்டரின் மேல் துவாரத்திலிருந்து தள்ளி வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி வர வேண்டும். சுற்றிலும் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி வராவிட்டால், பழைய மிஷினில் பெரும்பாலும் பாயிண்டில் படிந்த பாசிதான் காரணம். மேக்னெட் சக்கரத்தைப் புல்லர் போட்டுக் கழற்றி, நைசான உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்துத் துடைத்தால் பல மிஷின்களில் பொறி வந்துவிடும்.

பெட்ரோல்: செயின்சாவின் கார்புரேட்டரில் மிதவை கிடையாது, ரப்பர் டயாபிரம் உண்டு. அதனால்தான் மிஷினை எப்படிச் சாய்த்தாலும் ஓடுகிறது. இந்த டயாபிரம் நாளடைவில் அட்டை போல் விறைத்துவிடும். டயாபிரம், பெட்ரோல் குழாய், டேங்க் பில்டர் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். பெட்ரோலில் கழுவி ஊதினால் போதும்.

காற்று: டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கிருந்து சிலிண்டருக்கு ஏறுகின்றன. கிராங்கின் ஆயில் சீல் காய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவை மெலிந்துவிடும். கலவை மெலிந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும், பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். கையை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் குறையாமல் இரைந்தால் உடனே நிறுத்திவிட்டு சீலையும் பேக்கிங்கையும் பார்க்க வேண்டும். மற்ற வேலைகளைச் செய்துவிட்டு இதை மட்டும் விட்டால் செய்த செலவு ஒரே நாளில் வீணாகும்.

எண்ணெய் அளவு

டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும் அளவே சரியானது. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. அளவு தெரியாத பழைய மிஷினுக்கு 40 மில்லி பாதுகாப்பானது. சற்றுப் புகை வரும், எஞ்சின் பிழைக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு வைப்பது அவசியம்.

உயிர் முக்கியம்

பழைய செயின்சாக்கள் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. கட்டையின் நுனி மேற்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். பிரேக் இல்லாத மிஷினை மரம் ஏறி அறுக்கவோ, புயலில் வளைந்து விறைத்து நிற்கும் மரத்தை அறுக்கவோ கூடாது. தரையில் அசையாமல் கிடக்கும் கட்டையைத் துண்டு போட மட்டும், கண்ணாடியும் கெட்டியான காலணியும் அணிந்து பயன்படுத்தலாம். விசைத்தெளிப்பானுக்கு இந்த ஆபத்து இல்லை. முதன்முதலாக மிஷின் பிரிப்பவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒரே மாதிரி மிஷின் பழுதான நிலையில் பக்கத்து ஊரில் கிடந்தால் மலிவாக வாங்கி வைக்கலாம். இரண்டு கெட்ட மிஷின்களிலிருந்து ஒரு நல்ல மிஷின் கிடைக்கும். இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் காற்று அடித்தாலும் வாடகை மிஷினுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.