கூட்டம் ஏன் தயங்குகிறது?

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். யாரும் அருகே செல்வதில்லை. இத்தகைய காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் ‘மனிதநேயம் மரித்துவிட்டது’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். சமூக உளவியலோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது: தனியாக இருந்திருந்தால் ஓடிவந்து உதவியிருக்கக்கூடிய அதே மனிதர், கூட்டத்தில் ஒருவராக நிற்கும்போது ஏன் தயங்குகிறார்?

இக்கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றது ஒரு கொலை. 1964 மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க் நகரின் கியூ கார்டன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய 28 வயதுப் பெண் கிட்டி ஜெனோவீஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அதை வேடிக்கை பார்த்தார்கள் என்றும், தாக்குதலின்போது ஒருவர்கூடக் காவல் துறையை அழைக்கவில்லை என்றும் இரண்டு வாரங்களுக்குப் பிறகு ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. பெருநகர வாழ்க்கை மனிதர்களைக் கல்லாக்கிவிட்டது எனப் பலரும் புலம்பினர்.

பொறுப்பு பங்கிடப்படும்போது

ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரு உளவியலாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1968இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிவாங்கி வழியே உரையாடினர். திடீரென ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் தடுமாறியது. அது முன்பே பதிவுசெய்யப்பட்ட குரல் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. அதைக் கேட்பவர் தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85% பேர், அக்குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தனர். தம்மைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அவ்வாறு செய்தோர் 31% மட்டுமே.

எழாதவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பலர் பதற்றத்துடன் காணப்பட்டனர். ‘வேறு யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணமே அவர்களைக் கட்டிப்போட்டது. இதனைப் ‘பொறுப்புப் பரவல்’ என்கிறார்கள்.

இன்னொரு சோதனையில், மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள் புகை செலுத்தப்பட்டது. தனியாக இருந்தவர்களில் 75% பேர் வெளியே சென்று தெரிவித்தனர். புகையைக் கண்டும் காணாததுபோல் அமர்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவருடன் இருந்தவர்களில், தெரிவித்தோர் 10% மட்டுமே. ‘மற்றவர்கள் பதறவில்லை, ஆகவே ஆபத்து ஏதுமில்லை’ என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். குழப்பத்தை வெளிக்காட்டாமல் எல்லோரும் அமைதியாக இருக்க, அந்த அமைதியே எல்லோருக்கும் சான்றாகிவிடுகிறது. இது ‘பன்மை அறியாமை’ எனப்படுகிறது.

திருத்தப்பட்ட கதை

இச்சோதனைகளுக்குத் தூண்டுகோலாக அமைந்த செய்தியே பிழையானது என்பது பின்னர் தெரியவந்தது. கொலை முழுவதையும் 38 பேர் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை என 2007இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை நிறுவியது. ஒருவர் சன்னலிலிருந்து அதட்டியதும் கொலையாளி முதலில் ஓடியிருக்கிறான். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, உயிருக்குப் போராடிய கிட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். தனது பழைய செய்தி தவறானது என்று 2016இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழே ஒப்புக்கொண்டது.

2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நகரத் தெருக்களில் நிகழ்ந்த 219 மோதல்களின் கண்காணிப்பு கேமரா பதிவுகளை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டிருந்தார். சுற்றியிருந்தோர் எண்ணிக்கை கூடியபோது, யாரேனும் ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது.

இது முந்தைய சோதனைகளைப் பொய்யாக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரின் தயக்கமும் கூடலாம். ஆனால், பலர் இருப்பதால் அவர்களில் ஒருவராவது முன்வரும் வாய்ப்பும் கூடலாம். மேலும், அறைகளில் அடைபட்ட மாணவர்கள் ஒருவரையொருவர் காண முடியாது. தெருவில் நிற்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஒருவர் முன்வந்தால் மற்றவர்கள் அதைக் காண்கிறார்கள்.

தயக்கத்தைக் கலைப்பது எப்படி?

நம் நாட்டில் தயக்கத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு: காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம். விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்குகிறது. தம்மைப் பற்றிய விவரங்களைத் தெரிவிக்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த உரிமை பரவலாக அறியப்பட வேண்டும்.

ஆனால், சட்டம் அச்சத்தை மட்டுமே போக்கும். பரவிக் கிடக்கும் பொறுப்பை ஒருவரிடம் சேர்க்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். ‘யாராவது உதவுங்களேன்’ என்று பொதுவாகக் கூவுவதைவிட, ‘நீலச் சட்டை அணிந்தவரே, 108ஐ அழையுங்கள்’ என்று ஒருவரைச் சுட்டிக் கேட்பது பயன் தரும். முதலுதவிப் பயிற்சிகளில் இவ்வாறு கேட்கவே கற்றுத்தருகிறார்கள். இத்தயக்கம் குறித்த பாடத்தைக் கேட்ட மாணவர்கள், கேட்காதவர்களைவிட அதிகமாக உதவ முன்வந்ததாக அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே, இதைப் பள்ளிப் பாடத்திலும் ஓட்டுநர் பயிற்சியிலும் சேர்ப்பது வீண்செலவாகாது. கூட்டத்தைச் சபிப்பதால் எந்த உயிரும் பிழைப்பதில்லை. அதிலிருந்து ஒருவரை முன்வரச் செய்தால் பிழைக்கக்கூடும்.