உடைந்து இறுகிய சென்டர் பின்னைக் கழற்றுவது எப்படி?



பெருமாநல்லூர்ப் பக்கம் ஆடியிலே ஒரு மழை பெய்து ஈரம் இறங்கிவிட்டால், எல்லார் வீட்டு டிராக்டரும் ஒரே நாளில் காட்டுக்குள் இறங்கும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற பழைய வண்டிக்கு அன்றைக்குத்தான் நோவு வரும். முன் ஆக்ஸிலைத் தாங்குகிற சென்டர் பின் முறிந்து, ஒரு துண்டு கையோடு வந்துவிடும். மறு துண்டு உள்ளேயே இறுகிக்கொள்ளும். "ரெண்டு போடு போட்டா வந்துருமுங்க சார்" என்று சம்மட்டியைத் தூக்குவார்கள்.

அப்படி ஓங்கி அடித்த இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணில் ஏறியது. பார்வை திரும்பவில்லை. பின்னும் வெளியே வரவில்லை. பின் தேயாமல் இருப்பதற்காக அதன் மேல்தோலைக் கடினப்படுத்தியிருப்பார்கள். சுத்தியல் முகமும் கடினம். இரண்டும் மோதினால் நசுங்காது, தெறிக்கும். ஆகவே கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே நிற்க வேண்டாம். நடுவே ஒரு பித்தளைத் தண்டை வைத்து, அதன் மேல் அடியுங்கள்.

பின்னைப் பிடித்திருப்பது எது? துரு. கிரீஸ் வற்றிய இடத்தில் தண்ணீரும் சேறும் போய் இரும்பை அரிக்கும். அரித்த இரும்பைவிடத் துரு இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். முடி நுழையாத சந்தில் அது உப்பினால், ஆப்பு அடித்த மாதிரிதான். மேலே நின்று குத்தினால் பின்னின் தலை காளான்போல விரிந்து இன்னும் இறுகும்.

முதலில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முட்டு வையுங்கள். எஞ்சின் முன்பக்கத்தைக் கனமான ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. பிறகு பின்னைப் பூட்டியிருக்கும் போல்ட்டோ குறுக்குப் பின்னோ இருக்கிறதா என்று மண்ணையும் பெயிண்டையும் சுரண்டிப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் அரை நாள் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எண்ணெய். கடையில் விற்கும் துரு இளக்கும் எண்ணெய் நல்லது. இல்லாவிட்டால் டீசலோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து கொள்ளலாம். கிரீஸ் நிப்பிளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகவும் ஊற்றி, ஓர் இரவு ஊற விடுங்கள். இடையிடையே லேசாகத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். "ஈரம் போயிருமுங்களே" என்பீர்கள். நியாயம்தான். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலேயே பதியலாம். விதைப்பு அதில் நடக்கட்டும், உங்கள் வண்டி ஊறட்டும்.

அதற்கும் அசையவில்லையா? சூடு காட்ட வேண்டும். பின்னுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள இரும்புக்கு. 25 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பை 300 டிகிரி சூடேற்றினால் துளை ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் விரியும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், துருவின் பிடி விட அது போதும். பின்னைச் சூடாக்கினால் பின் உப்பி இறுகும். ஆனால் முன்னதாக எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள், முன் சக்கரங்களைக் கழற்றித் தூரப் போடுங்கள், டீசல் குழாயையும் ரப்பரையும் ஒதுக்குங்கள். கிரீஸ் நிப்பிள் கழன்றே இருக்கட்டும். அடைபட்ட கிரீஸ் சூட்டில் பீறிட்டு அடிக்கும். வார்ப்பிரும்பாக இருந்தால் மெதுவாக, சுற்றிலும் ஒரே சீராகக் காட்டுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பின்னுக்காக ஆக்ஸிலையே இழப்பீர்கள்.

மறுபக்கம் துளை திறந்திருந்தால், பின்னைவிடச் சற்றுச் சன்னமான தண்டை விட்டு அங்கிருந்து தள்ளுங்கள். பத்துச் சின்ன அடியைவிடக் கனமான ஒரே அடி மேல். துளை மூடியிருந்தால் முறிந்த முகத்தில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருகலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கடைசி வழி டிரில். பின் கடினமாயிற்றே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேல்தோல்தான் கடினம். முறிந்த முகத்தின் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். நட்டநடுவில் பஞ்ச் அடித்து, சன்னமான பிட்டில் தொடங்கி, எண்ணெய் விட்டு மெதுவாகப் பெரிதாக்க வேண்டும். மையம் விலகினால் ஆக்ஸில் துளை கெட்டுவிடும். கை பழகாதவர்கள் லேத் பட்டறையிலே விடுங்கள். பனியன் கம்பெனி மெஷின்களுக்கு வேலை செய்யும் பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன; நுணுக்கம் தெரிந்தவர்கள்.

புதுப் பின் போடும்போது புஷ்ஷையும் சேர்த்து மாற்றுங்கள். சாதாரண ராடை வெட்டி நுழைத்தால் அடுத்த உழவிலேயே வளையும். ரோட்டவேட்டர் ஷியர் போல்ட் விஷயம் வேறு: அது கியர் பாக்ஸைக் காப்பாற்றத் தானே முறிவதற்கென்று வைத்தது, அங்கே கெட்டியானதைப் போடக் கூடாது. சென்டர் பின்னுக்குக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் கிரீஸ் அடியுங்கள். சேற்றில் இறங்கின நாளென்றால் அன்று சாயங்காலமே, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை.