பெட்டியைக் குற்றம் சொல்லும் முன்

ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ரோ-ரோ படகு ஓடுகிறது. லாரி ஏறி அக்கரையில் இறங்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடமும் உப்புக்காற்றில் கழிகிறது. கரை ஏறிய பிறகும் காற்று மாறுவதில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கிட்டங்கிகள் காயலை ஒட்டியே நிற்கின்றன. வெலிங்டன் தீவையும், 2011-ல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தையும் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். கோவை, சேலம், நாமக்கல் பக்கமிருந்து வாளையார் வழியாக லோடு ஏற்றிவரும் தமிழ்நாட்டு லாரிகளும் இந்த ஈரக் காற்றில்தான் நின்று சரக்கை இறக்குகின்றன.

பத்துப் பன்னிரண்டு வயதான லாரி ஒன்று இங்கே ஒருநாள் காலையில் கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்ஃப் நன்றாக எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் செக் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் நான்கைந்து பிழைக் குறியீடுகள் ஒன்றாக வந்து விழுகின்றன. ‘இ.சி.எம். போச்சு, மாத்தணும்’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். புதுப் பெட்டி வாங்கினால் ஒரு நடையின் வாடகை அதிலேயே கரைந்துவிடும். மாட்டிய பிறகும் வண்டி கிளம்பாமல் நின்றால் பணமும் போய், நாளும் போய், லோடும் கைவிட்டுப் போகும்.

இ.சி.எம். எனப்படும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல் ஒரு தட்டையான அலுமினியப் பெட்டி. நூற்றுக்கும் மேற்பட்ட பின்கள் கொண்ட கப்ளர்கள் வழியாக வண்டியின் வயரிங் எல்லாம் அதற்குள் போய்ச் சேர்கிறது. பழைய டீசல் எஞ்சினில் எவ்வளவு எண்ணெய், எப்போது என்பதை பம்பும் அதன் கவர்னரும் பற்சக்கரக் கணக்கில் முடிவு செய்தன. காமன் ரெயில் எஞ்சினில் பம்பின் வேலை, டீசலை 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் ஒரு குழாயில் தேக்கி வைப்பதோடு முடிந்துவிடுகிறது. எந்த இன்ஜெக்டர் எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்று சொல்வது பெட்டி.

அந்தக் கணம் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 100 முறை டீசல் பீய்ச்ச வேண்டும். கிராங்க் ஒரு டிகிரி திரும்ப எடுக்கும் நேரம் சுமார் 83 மைக்ரோ விநாடி. கிராங்க் சென்சார், கேம் சென்சார், டர்போ காற்றழுத்தம், தண்ணீர்ச் சூடு, ஆக்ஸிலேட்டர் மிதி என எல்லாத் தகவலையும் படித்து, பேட்டரியின் 24 வோல்ட்டை இன்னும் உயர்த்தி இன்ஜெக்டருக்கு அனுப்பும் வேலையை இந்தத் துல்லியத்தில் பெட்டி செய்கிறது. ஒரு சென்சாரின் வயரில் அரைகுறைத் தொடர்பு இருந்தாலும் கணக்கு தவறும்.

கனரக டீசல் எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு 1985-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தோடு வந்தது. காமன் ரெயில் முறையை 1995-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லாரியில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய லாரிகளுக்குள் இந்தப் பெட்டியைப் பரவலாக நுழைத்தவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள். 2010-ல் பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ் 3) நாடு முழுவதும் அமலானது. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்போது விற்காமல் நின்றவை 8 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டிலும் அசோக் லேலண்ட் தன் பல லாரிகளில் பழைய வகை பம்பையே வைத்துக்கொண்டு, புகையை மறுசுழற்சி செய்யும் ஐ-இ.ஜி.ஆர். முறையோடு பி.எஸ்.-4 தேர்வில் தேறியது. ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் கையாள எளிது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2020-ல் பி.எஸ்.-6 வந்ததும் அந்த வழி அடைபட்டது. 2010-க்குப் பிறகு பெட்டியோடு பிறந்த லாரிகளுக்கு இப்போதுதான் வயதாகிறது. அவற்றின் முதுமை நோய்களை நம் பட்டறைகள் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

கொச்சியில் அந்த நோய் சீக்கிரமே வருகிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் பருவமழை மாதங்களில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. கப்ளரின் ரப்பர் சீல் ஓரிடத்தில் இற்றுப்போயிருந்தால் உள்ளே படிந்த உப்பு உலர்வதே இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே மின்னழுத்தம் இருப்பதால் உப்பு நீரில் செம்பு கரைந்து ஒரு பின்னிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறது. கழற்றிப் பார்த்தால் பின்னின் அடியில் பச்சைப் பொடி. கண்ணுக்கு அது கடுகளவுதான்.

அந்தக் கடுகளவு செய்யும் வேலையைப் பாருங்கள். ரெயில் அழுத்தச் சென்சார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை காட்டி, பூஜ்யத்திலிருந்து 2,000 பார் வரை அளக்கிறது என்று கொள்வோம். எர்த் பின்னில் துரு ஏறி 0.2 வோல்ட் பிசகினால் பெட்டி அழுத்தத்தை 100 பார் தவறாகப் படிக்கும். வண்டி பிக்கப் இல்லாமல் இழுக்கும், புகை தள்ளும், அல்லது தன்னைக் காத்துக்கொள்ள எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். கோளாறு பின்னில் இருக்கிறது, பழி பெட்டியின் மேல் விழுகிறது.

பெட்டியே உண்மையில் பழுதாவதும் உண்டு. எஞ்சினின் சூடும் அதிர்வும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சாலிடர் இணைப்புகளில் விரிசல் விடுகின்றன. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூடும் ஆயுளைச் சுமார் பாதியாக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றினால், 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் 150 வோல்ட்டுக்கு மேல் உமிழக்கூடும். வாட்டர் சர்வீஸில் அதிஅழுத்த நீரைக் கப்ளர் மேல் நேராகப் பாய்ச்சுவதும் கேடு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி முழுகியிருந்தால் சேறும் நீரும் வயரிங் முழுக்க ஏறியிருக்கும். பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது வெல்டிங். பேட்டரியையும் இ.சி.எம். கப்ளர்களையும் கழற்றாமல் சேஸியில் ஆர்க் வெல்டிங் வைத்தால் அந்த மின்சாரம் திரும்பிப் போகப் பெட்டியின் எர்த்தையே வழியாகப் பிடிக்கலாம்.

ஆகவே பெட்டியை மாற்றும் முன் மூன்று சோதனைகள். மூன்றுக்கும் மல்டிமீட்டர் போதும்.

முதலாவது எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பெட்டியின் எர்த் பின்னிலும் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எர்த் வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. சேஸியில் எர்த் ஒயர் போல்ட் செய்யப்பட்ட இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும்.

இரண்டாவது 5 வோல்ட். பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட்டைத்தான் பெட்டி பங்கிட்டுத் தருகிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் சரிந்து, நல்ல நிலையில் உள்ள மற்ற சென்சார்களும் சேர்ந்து பழுது காட்டும். குறியீடுகள் கும்பலாக வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் குற்றவாளி.

மூன்றாவது கேன் லைன். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இந்த இரட்டை ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பேட்டரியைத் துண்டித்துவிட்டு ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது ரெசிஸ்டர் போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு ஒயரும் ஒட்டியிருக்கின்றன. பெட்டி ஸ்கேனரோடு பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கழற்றுவதற்கு முன் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த மூன்றும் சரி, ஃபியூஸும் ரிலேயும் சரி, பெட்டிக்கு மின்சாரமும் முறையாக வருகிறது. அதன் பிறகும் எஸ்.பி.என். 629, எஃப்.எம்.ஐ. 12 போன்ற, பெட்டியையே சுட்டும் குறியீடு நிலைத்து நின்றால் மாற்றுவது நியாயம். அப்போதும் எது அதைக் கொன்றது என்று தெரிந்தாக வேண்டும். ஷார்ட் ஆன இன்ஜெக்டர் ஒன்று பழைய பெட்டிக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்திருந்தால், புதிதாக மாட்டும் பெட்டியையும் அதே இன்ஜெக்டர் எரித்துவிடும்.

புதுப் பெட்டி எழுதாத சிலேட்டு. வண்டியின் சேஸி எண், எஞ்சினின் குதிரைத்திறனுக்கேற்ற கேலிப்ரேஷன், டயர் அளவும் பின் ஆக்ஸில் விகிதமும், திருட்டுத் தடுப்புச் சாவியின் ரகசியம் எனப் பலவற்றை அதில் எழுத வேண்டும். ஒரே எஞ்சினை வெவ்வேறு சக்திக்கு விற்கும்போது வேறுபாடு பெரும்பாலும் மென்பொருளில்தான் இருக்கும். கூடுதல் சக்தியுள்ள வேறு வண்டியின் கேலிப்ரேஷனை ஏற்றினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் தாங்காத சுமையைச் சுமக்கும். பல இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். தொழிற்சாலையில் அளந்த அதன் நுண்ணிய வேறுபாடு அது. எந்தச் சிலிண்டருக்கு எந்தக் குறியீடு என்று சரியாக ஏற்றாவிட்டால் எஞ்சின் நடுங்கும், புகைக்கும். எழுதும் வேலை நடக்கும்போது பேட்டரி இறங்கி நடுவில் நின்றால் பெட்டியே செயலற்றுப் போகலாம் என்பதால் சார்ஜரை மாட்டிக்கொண்டே செய்ய வேண்டும்.

பழைய பெட்டியின் நினைவகத்தைப் படிக்க முடிந்தால் அதன் தகவலை அப்படியே இன்னொன்றில் நகலெடுக்கலாம். லேபிளில் உள்ள ஹார்டுவேர் எண் பொருந்தும் செகண்ட்-ஹேண்ட் பெட்டிக்கும் இது உயிர் கொடுக்கும். இறந்த டிரைவர் சர்க்யூட்டையும் கெப்பாசிட்டரையும் மாற்றிப் பெட்டியைச் சரிசெய்துதரும் கைகாரர்களும் இருக்கிறார்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கு அவர்களே கதி. இந்தச் சாக்கில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் யூரியா சிஸ்டத்தை ‘ஆஃப்’ செய்துதருகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. அது சட்டவிரோதம், நைட்ரஜன் ஆக்ஸைடு புகை அந்த லாரி போகும் தெருவில் இருப்பவர் நுரையீரலுக்குள் போகிறது.

இந்த வேலை நேர்மையாக நடக்கப் பட்டறைக்கு வயரிங் படமும் பின் அட்டவணையும் மென்பொருளும் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே வாகனங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, டிசம்பரில் இதற்கான இணையதளத்தைத் திறந்தது; அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் அது சட்டக் கட்டாயமாக வரவில்லை. பத்தாண்டு கடந்த ஒவ்வொரு லாரிக்கும் வயரிங் படத்தையும் மென்பொருளையும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் தர வேண்டும் என்று உற்பத்தியாளர்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் உரிமையாளர் செய்யக்கூடியது இரண்டு. வண்டி நன்றாக ஓடும்போதே பெட்டியின் தகவலைப் படித்துச் சேமித்து, இன்ஜெக்டர் குறியீடுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்ளர்களைத் திறந்து சீல்களைப் பாருங்கள், எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை இறங்கிவிடும். மே மாதத்துக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.