இலை வரைந்த இளஞ்சிவப்புப் படம்

இந்தத் தட்டில் தெரியும் இலை வடிவத்தை யாரும் வரையவில்லை. ஓர் இலையை அகார் கூழ் மீது மெல்ல அழுத்தி எடுத்துவிட்டு, சில நாட்கள் விட்டதில் தானாக வளர்ந்தது. தட்டில் வைத்த ஒரே கரி உணவு மெத்தனால். ஒற்றைக் கரியணு மட்டுமே உள்ள எளிய ஆல்கஹால் அது. கள்ளச்சாராயத்தில் கலந்து கண்ணையும் உயிரையும் பறிப்பது இதுவே. இலையிலிருந்து ஒட்டிக்கொண்டு இங்கே வளர்ந்த மெத்தைலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்கோ அன்றாடச் சாப்பாடு!

இலையில் மெத்தனால் ஏது? செல் வளரும்போது அதன் சுவரிலுள்ள பெக்டினிலிருந்து பிரிந்து, இலைத்துளைகள் வழியே கசிகிறது. வாசலிலேயே குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அருங்காட்சியகக் குப்பிகளில் உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் இதன் கரைசல்தான். இவ்வளவு கொடிய பொருளைத் தேங்கவிட்டால் பாக்டீரியாவே செத்துப்போகும். அதனால் மளமளவென்று ஃபார்மேட்டாக்கி, அதில் பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக்கி வெளியேற்றுகிறது. வழியில் கழன்று வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேரும் பயணத்தில் ஏடிபி உருவாகிறது. அதுதான் இதன் ஆற்றல். மிச்சக் கரி உடல் கட்டப் போகிறது.

இளஞ்சிவப்பு நிறம் கரோட்டினாய்டு நிறமியின் வேலை; பாக்டீரியாவுக்கு அது வெயிலுக்குக் குடை. பயிர்கள் வறட்சியைத் தாங்க இந்த இனத்தை இலைமேல் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. விவசாயிகளிடம் அதன் பெயர் பிபிஎஃப்எம்.

தட்டைத் திறக்க வேண்டாம். உருப்பெருக்கி வழியே இலை நரம்புகளின் தடத்தைப் பாருங்கள்.