குருவின் வீட்டு வாசல்

1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். பம்பாயில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி "வெள்ளையனே வெளியேறு" தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. மறுநாள் விடியுமுன்பே மகாத்மா கைது செய்யப்பட்டார். திரும்பி வரும் தமிழ்நாட்டுத் தலைவர்களைப் பிடிப்பதற்காக அரக்கோணம் ஸ்டேஷனில் போலீஸார் காத்து நின்றார்கள். வண்டி வந்து நின்றது. இறங்கிய ஜனங்களோடு ஜனமாக ஒரு கதர்ச் சட்டைக்காரரும் இறங்கிப் போய்விட்டார். பார்ப்பதற்கு எங்கோ கிராமத்திலிருந்து சந்தைக்கு வந்தவர் போலத்தான் இருந்தார். அவர்தாம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் ஸ்ரீ காமராஜ்!

அரக்கோணத்திலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ராணிப்பேட்டை. அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவர் அவ்வூர்க் காங்கிரஸ்காரரான கல்யாணராமையர். ராணிப்பேட்டைக்குள் நுழைந்தால் பதனிட்ட தோலின் வாசனை எதிர்கொண்டு அழைக்கும். பாலாற்று மணலைக் கடந்தால் ஆர்க்காடு. அதற்கும் தெற்கே ஆரணிச் சாலையில் திமிரி. கோட்டைகளும் படையெடுப்புகளும் நிறைந்த சரித்திரம் உடையது அந்தச் சீமை. ஆனால் தலைக்கு விலை போகும் சமயத்தில் ஒரு மனிதனை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தின கதை அந்தச் சரித்திரத்தில் எந்தக் கோட்டைக்கும் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

அங்கிருந்து புறப்பட்டு ஜில்லா ஜில்லாவாகச் சுற்றி, ஊழியர்களைச் சந்தித்துச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, கடைசியில் விருதுநகர் போய்ச் சேர்ந்தார் காமராஜ். வேலை முடிந்துவிட்டது, இனிக் கைது செய்யலாம் என்று தாமே போலீஸாருக்குச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு 1945 ஜூன் வரையில் சிறை.

இந்த மூன்று வருஷச் சிறைவாசத்தில் அவருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதே இயக்கத்தில் தீரர் சத்தியமூர்த்தியும் கைதானார். அவரை மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் அடிபட்டது. ஏற்கெனவே நலிந்திருந்த உடம்பு தாங்கவில்லை. 1943-ஆம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. மனைவி பாலசுந்தரத்தம்மாளையும், ஒரே மகள் லக்ஷ்மியையும் விட்டுப் போனார். சீடர் காமராஜ் அன்று கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். குருவின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கவோ, பாடையைத் தொட்டுத் தோள் கொடுக்கவோ, அந்த வீட்டு வாசலில் நின்று அம்மாளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவோ அவரால் முடியவில்லை.

இவ்விருவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். சத்தியமூர்த்தி திருமயத்தில் 1887-இல் பிறந்தவர், பிராமணர், வக்கீல், இங்கிலீஷிலும் தமிழிலும் மடை திறந்தாற்போல் பேசுகிறவர், நாடக மேடையில் வேஷம் போட்டு நடித்தவர். காமராஜ் அவருக்குப் பதினாறு வயது இளையவர், நாடார் குலத்தவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மாமன் கடையில் உட்கார்ந்தவர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிறவர். சத்தியமூர்த்தியிடம் பழமைப் பற்றும் உண்டு. தேவதாசி ஒழிப்பு விஷயத்தில் அவர் சட்டசபையில் எடுத்த நிலையை இன்று யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆயினும் விருதுநகர் வாலிபனிடம் ஜாதியும் படிப்பும் பாராமல் தலைமைக்கு உரிய சரக்கைக் கண்டுபிடித்தவர் அவர்தாம்.

1936-இல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரஸ் தலைவரானபோது காமராஜைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். 1940-இல் நடந்ததுதான் வேடிக்கை. ராஜாஜியின் ஆதரவு பெற்ற ஸ்ரீ சி. பி. சுப்பையாவைச் சொற்ப வாக்குகளில் வென்று காமராஜ் தலைவரானார்; சத்தியமூர்த்தி அவருக்குக் காரியதரிசியானார். நேற்று வரை தமக்குக் கீழே வேலை செய்தவனின் கீழே வேலை செய்வதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? அதுவும் டில்லிச் சட்டசபையையே கலங்க அடித்த ஒரு மனிதருக்கு! அந்த ஒரு காரியத்தினால் சிஷ்யர் பட்ட கடன் சாமானியமானதல்ல.

கடனைத் தீர்க்க வேண்டியவரோ போய்விட்டார். 1947 ஆகஸ்டு 15 வந்தது. நாடெங்கும் கோட்டை கொத்தளங்களில் கொடி ஏறியது. காமராஜ் முதல் காரியமாகச் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய், அங்கே மூவர்ணக் கொடியை ஏற்றினார். இந்தச் சுதந்திரத்துக்காக உயிரைக் கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லையே, அவருடைய வீடாவது பார்க்கட்டும் என்று நினைத்தார் போலும். நாலரை வருஷத்துக்கு முன் துக்கத்துக்குப் போக முடியாத வாசலுக்குச் சந்தோஷத்தைச் சுமந்துகொண்டு போனார். அன்று பாலசுந்தரத்தம்மாளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகிகள் ஊகித்துக் கொள்வார்கள்.

ஏழு வருஷம் சென்றது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜ் முதன் மந்திரியானார். அந்தச் சமயத்தில் மாலைகளுக்கும் மனுக்களுக்கும் குறைவு இராது அல்லவா? அந்தச் சந்தடியிலும் அவர் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போக மறக்கவில்லை. குருவின் படத்துக்கு மாலையிட்டார்; அம்மாளை வணங்கினார்.

பதவிக்கு வருகிறவர்கள் பெரியவர்களின் படத்துக்கு மாலை போடுவது சகஜந்தானே என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். அவர்கள் விருதுநகரையும் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிறிய வீட்டில் அவரைப் பெற்ற தாயார் சிவகாமியம்மாள் தனியே இருந்தார். மாதம் 120 ரூபாய்தான் மகன் அனுப்புவது. கூடக் கேட்டாலும் கிடைக்காது என்று சொல்வார்கள். தாயார் வீட்டுக்கென்று தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்ததைக்கூட அவர் எடுத்துவிடச் சொன்னார் என்பது ஊரறிந்த கதை. சொந்தத் தாயிடம் அத்தனை கண்டிப்பாக இருந்தவர் ஊர் மெச்சுவதற்காக இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் சிவகாமியம்மாளுக்கு மனத்தாங்கல் இருந்திருந்தால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சென்னையில் காங்கிரஸ் காரியாலயத்துக்குச் சத்தியமூர்த்தி பவனம் என்று பெயர். சென்னை நகர மேயராக இருந்தபோது தண்ணீர்ப் பஞ்சம் தீரச் சத்தியமூர்த்தி முயன்று தொடங்கிய பூண்டி ஏரி, அவர் காலமான மறு வருஷம், 1944-இல் முடிந்தது. இப்போது அதற்கும் அவர் பெயர்தான். சிறையிலிருந்து அவர் மகளுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. அந்த மகள் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் கணவரோடு சேர்ந்து "வாசகர் வட்டம்" என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, அச்சிலும் கட்டிலும் கண்ணைக் கவரும் நல்ல தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டார்.

காமராஜ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, சென்னையில் காலமானார். அவர் விட்டுப் போனவை சில கதர் வேஷ்டிகள், சட்டைகள், புத்தகங்கள், நூற்றுச் சொச்சம் ரூபாய். 1943-இல் குருவுக்குத் தோள் கொடுக்க முடியாமற் போனவரின் பின்னால் அன்று நடந்த ஜனங்களுக்குக் கணக்கே இல்லை.