மீனம்பாக்கத்தில் இறங்கி வாலாஜாபாத் வந்து சேர

காலையில் வார்டுகளைச் சுற்றிவரும்போது, நோயைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது வழியைப் பற்றிய கேள்வியே. "மகன் துபாயிலிருந்து இன்றிரவு கிளம்புகிறான், டாக்டர். விமான நிலையத்திலிருந்து இங்கே எப்படி வரச் சொல்வது?" மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்படாத பாடம் இது. எனினும் இதை மருத்துவத்துக்குப் புறம்பானதாக நாங்கள் கருதுவதில்லை. அவசரத்தில் ஏறிய டாக்சிக்கும், விசாரிக்காமல் எடுத்த விடுதி அறைக்கும் செலவாகும் பணம், பல குடும்பங்களில் மருந்துக்கென்று எடுத்துவைத்த பணமாகவே இருக்கிறது.

சென்னை விமான நிலையத்திலிருந்து வாலாஜாபாத் சாலைவழியே சுமார் 50 கிலோமீட்டர். வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்தவுடன் பயணிகள் முதலில் காண்பது டாக்சி முகப்புகளை. அடுத்துக் காண்பது மெட்ரோ ரயிலின் பெயர்ப்பலகையை. 2016 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்த பிறகு, நகருக்குள் செல்பவர்களுக்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அது வடக்கு நோக்கிச் செல்வது. நம் ஊரோ தென்மேற்கில் இருக்கிறது. மெட்ரோவில் கோயம்பேடு சென்று, அங்கிருந்து காஞ்சிபுரம் பேருந்து பிடித்து, பிறகு வாலாஜாபாத்துக்குத் திரும்பிவந்த உறவினர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை அது.

நேரான வழி, விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம் திரிசூலம் ரயில் நிலையம். 1931-ஆம் ஆண்டு முதலே மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில் அது அமைந்துள்ளது. சாலையைக் குறுக்கே கடக்க முயல வேண்டாம். கீழே சுரங்கப்பாதை உண்டு. கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம், திருமால்பூர் செல்லும் மின்சார ரயில்கள் திரிசூலத்தில் நின்று, தாம்பரம், செங்கல்பட்டு வழியாக வாலாஜாபாத்துக்கே வருகின்றன. பாலூர், அதன்பின் பழையசீவரம், அதற்கு அடுத்த நிலையம் வாலாஜாபாத். பயணச்சீட்டுக்கு ஆகும் செலவு, இருவர் தேநீர் அருந்தும் செலவைத் தாண்டாது.

ஆனால் இந்த ரயில்கள் நாளொன்றுக்குச் சிலவே. எனவே அவற்றுக்காகத் திரிசூலம் நடைமேடையில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு வரை செல்லும் ரயில்கள் மிகுதி. அங்கே இறங்கினால் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் பேருந்துகள் கிடைக்கும். தாம்பரத்தில் இறங்கி, படப்பை, ஒரகடம் வழியாக வரும் பேருந்தைப் பிடிப்பது மற்றொரு வழி. ஒரகடத் தொழிற்சாலைகளின் பணிமுறை மாறும் வேளைகளில் அந்தச் சாலை நெரிசல் மிக்கது. பெட்டியுடன் வருபவருக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது, வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பொருந்தாது. சில்லறையைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் விமானங்கள் பல, நள்ளிரவுக்குப் பின்னரோ விடியற்காலையிலோ தரையிறங்குகின்றன. அந்த நேரத்தில் மின்சார ரயில் இல்லை. விடியும் முன்பே முதல் ரயில்கள் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், நோயாளியின் நிலை கவலைக்கிடமாக இல்லாதபோது, விமான நிலையத்திலேயே ஓரிரு மணி நேரம் அமர்ந்திருந்து கிளம்புவதே சிக்கனம். கவலைக்கிடம் என்று நாங்களே தொலைபேசியில் அழைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்; முன்கட்டண டாக்சியில் ஏறி வந்துவிடுங்கள். செயலி வழி வாடகை வண்டிகள், பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்திலிருந்து பயணிகளை ஏற்றுகின்றன. வாசலில் நின்று தேடி நேரத்தை இழக்க வேண்டாம்.

சில காலத்துக்கு முன் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தந்தைக்கு நிமோனியா என்று கேள்விப்பட்டு, இரவு விமானத்தில் வந்த மகன் ஒருவர், டாக்சிக்குக் கேட்ட தொகையைச் சேமிக்க எண்ணி ரயிலும் பேருந்துமாக வந்து சேர்ந்தார். அவரும் நீரிழிவு நோயாளி. வழக்கமான நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டவர், "போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று காலை உணவைத் தள்ளிப்போட்டுவிட்டார். பேருந்தில் நின்றபடியே பயணம். தந்தையின் கட்டிலருகே வந்ததும் உடல் வியர்த்து, பேச்சுக் குழறிச் சரிந்தார். இரத்தச் சர்க்கரை 48 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார் என்றாலும், அன்று மாலை வரை ஒரே குடும்பத்தில் இரு நோயாளிகள். அவர் ரயிலில் வந்தது சரியே. திரிசூலத்தில் இரண்டு இட்லிக்குச் செலவிடத் தயங்கியதுதான் பிழை.

ஆகவே வருபவரும் ஓர் உடலோடுதான் வருகிறார் என்பதை அழைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; சரக்கறையில் ஏற்றும் பெட்டியில் அது உறைந்து பயனற்றுப் போகக்கூடும். மருந்துச் சீட்டும் உடன் இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் அமர்ந்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் தசை வலித்தால், அதை அலைச்சல் என்று ஒதுக்கலாகாது. காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் திடீரென மூச்சுத் திணறலும் மார்பு வலியும் உண்டாகும். பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் இது நேரலாம். அப்போது பேருந்தையோ ஆட்டோவையோ தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

தங்குமிடத்துக்கு வருவோம். நோயாளியுடன் ஒருவரே இரவில் தங்கலாம் என்பதால், மற்றவர்கள் பெரும்பாலும் சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள காஞ்சிபுரத்தில் அறை எடுக்கிறார்கள். கோயில் நகரம் ஆதலால் எளிய விடுதிகளுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் வாடகை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாள்களிலும், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தின்போதும், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் விழாவின்போதும் முன்பதிவின்றி வருவது சிரமம். 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த நாள்களில் அறை கிடைப்பதே அரிதாயிருந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்களைத் தங்கவைக்கும் விடுதி, அரசுக்குத் தகவல் தர வேண்டும். சிறு விடுதிகள் சில இதைத் தவிர்க்க, இரவில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் வருவதாக இருந்தால், முன்பே விடுதியில் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது உடல்நலத்தோடு வருபவர்களுக்கு. சிகிச்சை முடிந்து விமானமேறித் திரும்பும் நோயாளிக்கு எங்கள் ஆலோசனை நேரெதிரானது. ரயில் நிலையப் படிகள், பேருந்தின் குலுக்கல், நின்றபடி பயணம் ஆகியவை ஆறிவரும் தையலுக்கும் தளர்ந்த இதயத்துக்கும் ஏற்றவையல்ல. வரும்போது ரயிலில் மிச்சம்பிடித்த பணத்தை, திரும்பும்போது ஒரு வாடகைக் காருக்குச் செலவிடுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடமும், மாரடைப்பிலிருந்து தேறியவரிடமும், பயணத்துக்குத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றை விமான நிறுவனம் கேட்கக்கூடும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளன்று பிற்பகலில், கார் வாசலில் காத்திருக்கும்போது அதைக் கேட்பவர்களே அதிகம். பயணச்சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள். சிலருக்கு, "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்பதே எங்கள் பதிலாக இருக்கும். சக்கர நாற்காலி தேவையெனில் இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும்.

மேல்சிகிச்சைக்காகச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு நாங்கள் அனுப்புவோருக்கும் இதே ரயில் தடம் பயன்படும். சென்னை பூங்கா நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இவ்வழி; ஆம்புலன்சில் செல்லுமாறு நாங்கள் எழுதித் தந்தவர்களுக்கு அல்ல.

ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் இங்கே அச்சிடவில்லை. கிளம்பும் முன் ரயில் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வருபவர் வாலாஜாபாத்தில் இறங்கியதும், பெட்டிகளை முதலில் வீட்டிலோ விடுதியிலோ வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வார்டில் கட்டில்களுக்கிடையே அவற்றுக்கு இடமில்லை.