‘இப்படியே போனா ஊசிதான்!’ - டாக்டரின் பேச்சில் குறையும் நம்பிக்கை

“என்னம்மா, பொங்கலுக்கு நல்லா சாப்பிட்டீங்களா? சுகர் எகிறிக் கிடக்கு. இப்படியே போனா அடுத்தது ஊசிதான்!”

சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் பழகிப்போன வசனம் இது. டாக்டர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால், கேட்பவருக்கு அது ‘தப்பு உங்க மேலதான்’ என்றே படுகிறது.

விளைவு? டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வாயைக் கட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுப்பார்கள். விட்டுப்போன மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். வெறும் வயிற்று சுகர் இறங்கியிருக்கும். ஹெச்பிஏ1சி டெஸ்ட்டோ சுமார் 3 மாத சராசரியைக் காட்டிவிடும். ‘மறைக்கிறாங்க’ என்று டாக்டருக்கும் நம்பிக்கை போய்விடும்.

இன்சுலினைத் தண்டனைபோலப் பேசுவதுதான் இதில் பெரிய சிக்கல். டைப் 2 சர்க்கரை நோயில், கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடங்கள் போகப்போகக் குறையக்கூடியது. சாப்பாட்டிலும் மாத்திரையிலும் ஒழுங்காக இருந்தவருக்கும் ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படலாம். பல வருடம் பூச்சாண்டி காட்டிய அதே ஊசியை, ‘நல்லது, போட்டுக்கோங்க’ என்றால் எப்படிக் கை நீட்டுவார்?

பழி சொல்லும் வார்த்தைகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவு சங்கம் 2017-லேயே பரிந்துரை வெளியிட்டது. ‘சர்க்கரை நோயாளி’ என்பதைவிட ‘சர்க்கரை நோய் உள்ளவர்’ என்பதே மேல் என்கிறது அது. (நாமும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறோம்!)

‘ஏன் மாத்திரை போடலை?’ என்றால் பதில் வராது. ‘மாத்திரை போடறதுல எது கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டால், விலை, நைட் ஷிஃப்ட், சுகர் இறங்கி வந்த மயக்கம் என ஒவ்வொன்றாக வெளியே வரும்.